பிள்ளை சொன்னால்தான் சேதி!
6, 7, 8ஆம் வகுப்பில் நடப்பது பெற்றோருக்குத் தெரிகிறதா?

சென்னை நகரில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் சாயங்காலம் பார்க்கலாம். ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காகத் தாய்மார் கூட்டம் முண்டியடிக்கும். உள்ளே யார் யாரைக் கிள்ளினது, யாருக்கு ஸ்டார் போட்டார்கள், எந்த டீச்சர் லீவு என்பது வரை வாசலிலேயே பேசித் தீர்த்துவிடுவார்கள். ஆறாம் வகுப்பு வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. "நானே போயிக்கிறேன். நீ வராதேம்மா, பசங்க சிரிக்கிறாங்க" என்று பிள்ளையே சொல்லிவிடும். அம்மாவுக்கும் ஒரு வேலை மிச்சம்.

அன்றோடு வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரே தபால்காரர்தான். அது அந்தப் பிள்ளை! தனக்குச் சாதகமான தபாலை மட்டும் கொண்டுவந்து கொடுக்கும் தபால்காரர். மற்றதெல்லாம் பை அடியில், டிபன் பாக்சுக்குக் கீழே, எண்ணெய்க் கறையோடு கிடக்கும்.

இது வீட்டுக்கு வீடு நடப்பதுதானே, இதில் என்ன சேதி என்று கேட்கலாம். சேதி இருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் கைநழுவிப் போவது படிப்பு மட்டும் அல்ல, ரொக்கமும்கூட. அந்தக் கணக்கு கீழே வருகிறது.

ஒரு டீச்சர் போய் ஐந்து டீச்சர்

ஐந்தாவது வரை ஒரு வகுப்புக்குப் பெரும்பாலும் ஒரே ஆசிரியர். காலை முதல் மாலை வரை அதே 30, 40 முகங்கள். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்தது என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து பாடத்துக்கு ஒருவர் வருகிறார். கணக்கு வாத்தியார் வந்து போவார், அறிவியல் டீச்சர் வந்து போவார். பையனை எல்லோருக்கும் தெரியும். முழுசாக யாருக்கும் தெரியாது.

தொடக்கப்பள்ளியில் படித்த பிள்ளை ஆறாவதுக்கு வேறு பள்ளி போகிறது. நடுநிலைப்பள்ளியில் படித்தது ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி போகிறது. ஒவ்வொரு தடவையும் டி.சி. மட்டும்தான் கூடவே போகிறது. "இவனுக்கு வகுத்தல் கணக்கு வராது", "இவள் நன்றாக வரைவாள்" என்கிற தகவல் எதுவும் போவதில்லை.

வயசும் அப்படி. பெண் பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால் டீச்சர் தோண்டிக் கேட்பதில்லை, அம்மாவும் விளக்கிச் சொல்வதில்லை. அந்த ஒரு வாரத்தில் நடத்திய பாடம் போனது போனதுதான். ஆண் பிள்ளைக்குக் குரல் உடைகிறது. கூடவே பதில் சொல்லும் வழக்கமும் உடைகிறது. "ஸ்கூல்ல என்னடா நடந்தது?" என்றால், "ஒண்ணுமில்ல." தினம் ஆறு மணி நேரம் ஒரு இடத்தில் இருந்துவிட்டு வந்து ஒண்ணுமில்லையாம்!

கூப்பிட்டாலே வயிற்றில் புளி

பள்ளியிலிருந்து ஆள் விட்டால் பெற்றோர் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கூப்பிடுவதே புகார் சொல்லத்தான் என்று ஆகிவிட்டது. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாஸ்" என்று வாத்தியார் சொன்னால், அடுத்த காட்சி வீட்டில் பெல்ட் என்பது பிள்ளைக்குத் தெரியாதா? ஆகவே அப்பாவிடம் சொல்வதில்லை. சினிமா காமெடியில் வாடகைக்கு அப்பா பிடிப்பார்கள். நிஜத்தில் அவ்வளவு செலவு தேவையில்லை. அப்பா கையெழுத்தைப் பழைய நோட்டில் நாலு தரம் போட்டுப் பார்த்தால் போதும்.

"உங்க பொண்ணு இந்த மாசம் கணக்கு நல்லா போடறா" என்று சொல்ல எந்தப் பள்ளியாவது போன் செய்தது உண்டா? அபூர்வம். ஒரு நிமிட வேலை. அப்படி ஒரு தரம் பேசிவிட்டால், அடுத்த மாதம் குறை சொல்லக் கூப்பிடும்போது அப்பா சண்டைக்கு வரமாட்டார்.

பள்ளியில் என்ன நடக்கிறது என்று பெற்றோரைவிட நன்றாகத் தெரிந்தவர் தெருமுனை ஸ்டேஷனரி கடைக்காரர்தான். ராத்திரி 8 மணிக்குக் கடையை மூடப் போகிற நேரம், மூச்சிரைக்க வந்து நிற்கும் ஒரு தகப்பனார். "சூரிய குடும்பம் சார்ட் ஒண்ணு, தெர்மோகோல் ஒண்ணு. நாளைக்கே வேணுமாம்." எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்கு என்ன செயல்திட்டம் என்று கடைக்காரர் விரல்விட்டுச் சொல்வார். டீச்சர் சொன்னது போன வாரம். வீட்டுக்கு வந்தது இன்று ராத்திரி.

எட்டு வரை பாஸ்!

மூல விஷயம் இங்கேதான் இருக்கிறது. 2009ஆம் வருட இலவச, கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பெயிலாக்கி உட்கார வைக்கக் கூடாது என்றது. 2019இல் மத்திய அரசு அதைத் திருத்தியது. 5, 8ஆம் வகுப்புகளில் நிறுத்தி வைக்கலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய அரசுப் பள்ளிகளுக்கு விதியும் வந்தது. தமிழ்நாட்டில் பழைய முறையே தொடரும் என்று மாநில அரசு அப்போதே அறிவித்துவிட்டது.

பெயிலாக்குவது நல்லதா, கெட்டதா என்ற சண்டை தனி. 12 வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, அது பள்ளியைவிட்டே ஓடிப்போய் மெக்கானிக் ஷெட்டில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்று உண்டு. பழைய காலத்தில் பெயில் என்ற வார்த்தை வீட்டுக்கு ஒரு தந்தி மாதிரி வந்தது. படிக்காத தாய்க்குக்கூடப் புரிந்தது. அந்தத் தந்தியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வேறு தகவல் வீட்டுக்குப் போக வேண்டுமே, போகிறதா?

2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60 என்று மார்க் பிரிந்தது. செயல்திட்டம், ஒப்படைப்பு இவற்றுக்கும் அந்த 40இல் பங்கு உண்டு. சார்ட் ஒட்டிக் கொடுத்தாலே நாலு மார்க் தேறும். கார்டில் "பி" என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து அப்பா, "பரவாயில்லையே, பாஸ்தானே?" என்று கேட்டுக் கையெழுத்துப் போடுவார். பிள்ளைக்குத் தமிழ்ப் பத்தி ஒன்றைத் தடங்கலில்லாமல் படிக்க வருமா என்பது அந்த "பி"யில் எங்கேயும் இல்லை.

குட்டு உடைவது ஒன்பதாம் வகுப்பில். புதுப் பள்ளி, புது வாத்தியார், நிஜப் பரீட்சை. "இவ்வளவு நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?" என்று வாத்தியார் கேட்கிறார். அதையே அப்பா பள்ளியைப் பார்த்துக் கேட்கிறார். இருவரும் பிள்ளையைப் பார்க்கிறார்கள்.

இப்போது இது இன்னும் அவசரமான விஷயம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. மூடியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 'அ, ஆ' முடித்த கையோடு வீட்டுக்குப் போய், மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பிள்ளைகள்தான் 2025-26இல் ஏழாம் வகுப்பு. எழுதப் படிக்கக் கற்கும் வயதில் பள்ளியைப் பார்க்காத பிள்ளைகள்.

அரசுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படை தட்டுப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனிப் பயிற்சி தர 2025இல் 'திறன்' என்ற திட்டம் தொடங்கினார்கள். நல்ல காரியம். தன் பிள்ளை அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது எத்தனை அப்பா, அம்மாவுக்குத் தெரியும்?

சட்டம் சொல்கிறதே!

பெற்றோருக்குச் சொல்வது ஆசிரியர் மனசு வைத்துச் செய்கிற உபகாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதே 2009 சட்டத்தில் 24ஆம் பிரிவு ஆசிரியர் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோருடன் தவறாமல் கூட்டம் நடத்த வேண்டும். பிள்ளை ஒழுங்காக வருகிறதா, கற்கும் திறன் எப்படி, எவ்வளவு முன்னேற்றம் என்பதை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பாடத்தை முடிப்பது எப்படிக் கடமையோ, அதே வரிசையில்தான் இதுவும் இருக்கிறது.

21ஆம் பிரிவு ஒரு படி மேலே போகிறது. அரசு, மாநகராட்சி, உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதி பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எங்கே போனது என்று பார்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் யோசனை சொல்வதோடு சரி என்று 2012இல் திருத்திவிட்டார்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவே கிடையாது. பீஸ் கட்டுகிற பெற்றோருக்கு இந்தச் சட்டப்படி நாற்காலி இல்லை. பீஸ் கட்டாதவருக்கு உண்டு!

தமிழ்நாட்டில் இந்தக் குழு ரொம்ப நாள் காகிதத்தில்தான் இருந்தது. 2022இல் தூசு தட்டினார்கள். 20 பேர் குழு, அதில் 15 பேர் பெற்றோர், தலைவராக ஒரு தாய் என்று புதிதாக அமைத்தார்கள். 2024இல் மறுபடி மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண் தலைவராக உட்கார்ந்தது சின்ன மாற்றம் அல்ல.

வெள்ளிக்கிழமை 3 மணி

ஆனால் கூட்டம் எப்போது? வழக்கமாக மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மத்தியானம் 3 மணி. 4.30க்கு முடியும். ஆசிரியருக்கு வசதி. பள்ளி நேரத்துக்குள் முடிந்துவிடும். அம்மாவுக்கு?

பெரும்பாக்கம், கண்ணகி நகர் குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள்ளிருந்து குடிசை மாற்றிக் கொண்டுபோய் விட்ட குடும்பங்கள். வேலை மட்டும் பழைய இடத்தில்தான். விடியற்காலையில் பஸ் பிடித்து அடையாறு, மயிலாப்பூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிற பெண் 3 மணிக்குப் பள்ளியில் நிற்க வேண்டுமானால், பாதி நாள் வேலையை விட வேண்டும். கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவருக்கு, பாரிமுனையில் கடைச் சிப்பந்திக்கு, பூக்கடையில் மாலை கட்டுபவருக்கு எல்லோருக்கும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை பூ வியாபாரத்துக்குச் சிறந்த நாள் வேறு! ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இரண்டு மணி நேரம் பெர்மிஷன் கிடைக்கும். தினக்கூலிக்கு யார் பெர்மிஷன் தருவது?

வேடிக்கை என்னவென்றால், பெற்றோர் நிஜமாகவே வர வேண்டும் என்று அரசு நினைத்தபோது நாளைச் சரியாகத்தான் பார்த்தது. 2022 மார்ச் 20ஆம் தேதி மாநிலம் முழுக்கப் பெற்றோர் கூட்டம் நடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. 2024 ஆகஸ்டில் குழு மறுபடி அமைத்தது சனிக்கிழமைகளில். ஆகக் கூட்டம் சேர வேண்டிய நாளுக்கு லீவு நாள். மாதா மாதம் கேள்வி கேட்க வேண்டிய நாளுக்கு வெள்ளிக்கிழமை 3 மணி!

வராத பெற்றோருக்கு ஒரு பட்டமும் கிடைக்கிறது. "அக்கறையில்லாத ஜனங்க." காலை 5 மணிக்கு எழுந்து சோறு வடித்து வைத்துவிட்டு ஓடுகிற தாய்க்கு அக்கறை இல்லையாம்.

செல்போன் இருக்கே!

இருக்கிறது. அதிலும் ஒரு கூத்து. பள்ளி ரிஜிஸ்டரில் இருக்கிற நம்பர் அப்பாவுடையது. அது மூன்று வருடத்துக்கு முந்தைய சிம். இல்லையென்றால் ரீசார்ஜ் போடாமல் கிடக்கும். 2024இல் பெற்றோர் நம்பர்களை ஓ.டி.பி. வைத்துச் சரிபார்த்தார்கள். அதற்குப் பிறகு மாறிய நம்பர்கள் எத்தனையோ?

வாட்ஸ்அப் குரூப் என்றால் இரண்டு வகை. ஒன்றில் எல்லோரும் பேசலாம். குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கும் சாமி படத்துக்கும் நடுவே "நாளை பள்ளி விடுமுறை" மாட்டிக்கொண்டு கிடக்கும். இன்னொன்றில் பள்ளி மட்டும்தான் பேசும், பெற்றோர் வாயைப் பூட்டியிருக்கும். பணம் கட்டக் கடைசி தேதி தவறாமல் வரும். "என் பிள்ளைக்கு இங்கிலீஷ் ஏன் வரலை?" என்று கேட்க அதில் வழியில்லை. தனியார் பள்ளிகளில் இதற்கு ஆப் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒருவழிப் பாதைதான், கொஞ்சம் அழகான ஒருவழிப் பாதை.

தகவல் போகாததால் நல்ல காரியமும் கெட்டுப்போகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிள்ளைகளுக்கு வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். ரத்தசோகைக்கு நல்ல மருந்து. நீல நிற மாத்திரை. "ஸ்கூல்ல ஏதோ மாத்திரை குடுத்தாங்க, வயிறு கலக்குது" என்று பிள்ளை வந்து சொன்னால் தாய் பதறிப்போகிறாள். அடுத்த வாரம், "வாங்கிட்டு, வெளிய வந்து துப்பிடு" என்று சொல்லி அனுப்புகிறாள். சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வம்பு வந்திருக்காது.

ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது சட்டம். ஆனால் பாட ஆசிரியர் மூன்று வகுப்புக்கும் போகிறார். 100 வீட்டுக்கு அவர் எப்போது போன் செய்வது? எமிஸ் இணையத்தில் பதிவு போடுகிற வேலை பாடம் நடத்துகிற நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல வருடமாகக் குரல் கொடுத்து வந்தன. பிள்ளையின் உயரம், எடை, செருப்பு அளவு எல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். தகப்பனாருக்கு முகம் பார்த்துச் சொல்ல நேரம் இல்லை என்கிறார் வாத்தியார்.

ரூபாய்க் கணக்கு

இனி நஷ்டக் கணக்கு. ஆறாம் வகுப்பில் பிள்ளையை எங்கே சேர்க்கிறோம் என்பதில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. பலருக்கு அந்த டிக் டிக் கேட்பதில்லை.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. 2021இல் என்ஜினீயரிங் போன்ற தொழில் படிப்புகளுக்கும் வந்தது. கணக்கு ஆறாம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். 2024இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்றார்கள். இவையும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. ஏழாவதில், "இங்கிலீஷ் நல்லா வரட்டும்" என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் ஒரு வருடம் போட்டுவிட்டு, கட்டுப்படியாகாமல் எட்டாவதில் திரும்பக் கூட்டி வருகிற குடும்பங்கள் உண்டு. அந்த ஒரு வருடம் எவ்வளவு விலை என்று டி.சி. கேட்டபோதே பள்ளியில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். (தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் எட்டு வரை படித்து, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விதிவிலக்கு இருக்கிறது.)

அடுத்தது என்.எம்.எம்.எஸ். பரீட்சை. அரசு, மாநகராட்சி, உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். மத்திய அரசு உதவித்தொகை. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000. வீட்டு வருமானம் வருடம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஆறாயிரத்துக்கு மேல் இடங்கள். ஒரு பள்ளியில் அக்கறையுள்ள ஒரு வாத்தியார் இருந்தால் நாலைந்து பிள்ளைகள் தேறுகிறார்கள். இல்லையென்றால் அப்படி ஒரு பரீட்சை இருப்பதே தெரிவதில்லை.

இதில் ஒரு முடிச்சு. எழுதுவதற்கு ஏழாம் வகுப்பில் 55 சதவீத மார்க் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. "எட்டு வரைக்கும் பாஸ்தானே" என்று விட்ட அந்த ஏழாம் வகுப்பு மார்க்தான் இங்கே வந்து நிற்கிறது.

விண்ணப்பத்தைப் பள்ளி மூலம்தான் அனுப்ப வேண்டும். வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் மனுப் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படியேறி வர நாள் பிடிக்கும். பிள்ளை பெயரில் பேங்க் கணக்கும், அதில் ஆதார் இணைப்பும் வேண்டும். தேறிய பிறகும் ஒவ்வொரு வருடமும் ஆன்லைனில் புதுப்பிக்க வேண்டும், தவறினால் பணம் நின்றுபோகும். எட்டாம் வகுப்பு தொடங்கியதுமே தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து, இந்த வருடம் கடைசித் தேதி எப்போது என்று கேட்டுவைப்பது நல்லது. பள்ளியில் சரியான பதில் கிடைக்காவிட்டால் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் போன் செய்யலாம்.